உருமி, கல்யாணக் கச்சேரி ரெண்டுக்கும் ஒரே பெட்டி: டிரம் மெஷினா, சாம்ப்ளரா, பேடா?

லிந்தாங்_தம்பி

எல்லாருக்கும் வணக்கம். நான் மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம். எங்க குழு சின்னது. கீபோர்டு நான், பாட ரெண்டு பேரு, கூப்பிட்டா வர்ற கிட்டார் அண்ணன் ஒருத்தர். கல்யாணம், காதணி விழா, தோட்டத்துக் கோயில் திருவிழா, இப்படித்தான் நமக்குக் கிடைக்கிற மேடை. தாளத்துக்கு இவ்வளவு நாளா லேப்டாப்புல லூப் ஓட்டினோம். கடைசியா செம்பனைக்காட்டுக்குள்ள ஒரு கோயில் திருவிழா. பந்தல் சூட்டுல ரெண்டாவது பாட்டு நடுவுல லேப்டாப் அணைஞ்சு போச்சு. பாடகி கையைத் தட்டிக்கிட்டே பாட்டை முடிச்சாங்க. இனிமே மேடையில லேப்டாப் வேணாம்னு முடிவு பண்ணிட்டோம்.

கையில இருக்கிறது 2,000 வெள்ளி (ரிங்கிட்), இழுத்துப் புடிச்சா 2,500. எனக்கு வேண்டியது, கல்யாணத்துல சினிமாப் பாட்டுக்குத் தாளம் போகணும், திருவிழாவுல குத்துப் பாட்டுக்கு 6/8 வரணும், அதுக்கு மேல உருமி, தவில், தப்பு (பறை) சத்தம் நம்ம ஊரு சத்தமாவே கேட்கணும். கடைக்குப் போனா ஒவ்வொருத்தரும் ஒண்ணு சொல்றாங்க. டிரம் மெஷின்ங்கிறாங்க, சாம்ப்ளர்ங்கிறாங்க, குரூவ் பாக்ஸ்ங்கிறாங்க. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பேட்_அண்ணன்

தம்பி, இதுல யோசிக்க என்ன இருக்கு? பேட் வாங்கு. தமிழ் ஆர்கெஸ்ட்ரா மேடையில ரோலண்ட் எஸ்பிடி-20 பார்க்காதவன் உண்டா? குச்சி எடுத்து அடிச்சா தபலா, டோலக்கு எல்லாம் வரும். அதுல இல்லாத சத்தம் வேணும்னா எஸ்பிடி-எஸ்எக்ஸ். 2011-ல வந்தது, ஒன்பது பேட், நீ பதிவு பண்ணுன வேவ் ஃபைலை அப்படியே ஏத்தலாம். கிளிக் சத்தத்தை (தாளம் எண்ணுற டிக் டிக்) ஹெட்போனுக்கு மட்டும் அனுப்பலாம். புது எஸ்எக்ஸ் ப்ரோ உன் பட்ஜெட்டுக்குள்ள வராது, பழைய எஸ்எக்ஸ் கைமாத்துல (செகண்ட் ஹேண்ட்) தேடினா கிடைக்கும். பாடகி ஒரு வரி கூட இழுத்தாங்கன்னா நீயும் இழுக்கலாம். மெஷின் இழுக்குமா?

பழையபெட்டி

பேட் அண்ணன் சொல்றது ஆள் இருந்தா சரி. தம்பி கீபோர்டு வாசிக்கிறவரு. ரெண்டு கையும் கீபோர்டுல இருக்கும்போது குச்சியை யார் புடிக்கிறது?

தம்பி, பேரு குழப்பம் முதல்ல தீரட்டும். டிரம் மெஷின்னா ஆதியில சத்தத்தை உள்ளுக்குள்ளயே உருவாக்குற பெட்டி. ரோலண்ட் டிஆர்-808 வந்தது 1980-ல. அதுல கிக், ஸ்னேர், கைதட்டு எல்லாமே மின்சுற்று போடுற சத்தம், பதிவு பண்ணுன சத்தம் ஒண்ணும் கிடையாது. அதே 1980-ல ராஜர் லின் எல்எம்-1 கொண்டு வந்தாரு, அது நிஜ டிரம் சத்தத்தைச் சில்லுல பதிவு பண்ணி வச்சு வாசிச்சுச்சு. 1983-ல வந்த டிஆர்-909 ரெண்டும் கெட்டான். கிக்கும் ஸ்னேரும் சுற்று, ஹைஹேட்டும் சிம்பலும் பதிவு. சாம்ப்ளர்ங்கிறது நீயே பதிவு பண்ணி உள்ளே போடுறது. குரூவ் பாக்ஸ்னா சத்தமும், அதைத் தாளமா அடுக்குற வசதியும் ஒரே பெட்டியில. 1987-ல இ-மியு எஸ்பி-1200, 1988-ல ராஜர் லின் அகாய் கம்பெனியோட சேர்ந்து செஞ்ச எம்பிசி60. எஸ்பி-1200-ல மொத்தம் 10 நொடிதான் பதிவு பண்ண முடியும். அதனால அமெரிக்க ஹிப்ஹாப் பசங்க 33 வேகத்து இசைத்தட்டை 45-ல ஓட்டி பதிவு பண்ணி, பெட்டிக்குள்ள சுருதியை இறக்கிக்குவாங்க. நொடி மிச்சம், கூடவே கரகரப்பு இலவசம். அந்தக் கரகரப்புக்குத்தான் இன்னைக்கும் ஆளுங்க காசு கொடுக்கிறாங்க.

808 நம்ம ஆளுங்களுக்குப் புதுசு இல்ல. 1982-லயே பம்பாய்ல சரண்ஜித் சிங் அதை வச்சு ராகம் வாசிச்சுப் பதிவு பண்ணிட்டாரு. ஆனா 808-க்குள்ள உருமி கிடையாது. 808 மாதிரி செய்ற இப்போதைய பெட்டிங்களுக்குள்ளயும் கிடையாது. அதனால உனக்கு வெறும் டிரம் மெஷின் ஆகாது. சொந்த சத்தம் ஏத்த முடியாத எதையும் கடையில தொட்டுக்கூடப் பார்க்காதே. அதுலயே பாதி பட்டியல் கழிஞ்சிடும்.

இன்னொண்ணு. கைமாத்து சாமான் ஜப்பான்ல இருந்து வந்ததா இருந்தா பின்பக்கம் திருப்பிப் பாரு. 100 வோல்ட்னு போட்டிருக்கும். நம்ம ஊரு கரண்டு 230, 240. எம்பிசி2000எக்ஸ்எல் மாதிரி பவர் சப்ளை உள்ளுக்குள்ளயே இருக்கிற பெட்டியை அப்படியே சுவத்துல குத்தினா அன்னைக்கே புகைதான். டிரான்ஸ்ஃபார்மர் வாங்கணும், அது செங்கல் கனம், மேடைக்கு மேடை தூக்கணும். பிளாப்பி டிரைவ் வச்ச பெட்டின்னா இன்னும் மோசம், நம்ம ஈரக் காத்துக்கு பிளாப்பி பூஞ்சை புடிக்கும்.

ரவாங்_ராத்திரி

கைபேசியில ஒரு ஆப் போதும் பாஸ். எதுக்கு ரெண்டாயிரம்?

பழையபெட்டி

கைபேசியில பாட்டு நடுவுல மாமியார் கூப்பிடுவாங்க.

லிந்தாங்_தம்பி

😂 நன்றி அண்ணே. சரி, சொந்த சத்தம் ஏத்துற பெட்டின்னு முடிவாச்சு. கடையில மூணு பெட்டி காட்டினாங்க. ரோலண்ட் எஸ்பி-404 எம்கே2, எலக்ட்ரான் டிஜிடாக்ட் (பழசு, கைமாத்து), அப்புறம் டீனேஜ் எஞ்சினியரிங் ஈபி-133. நான் கடையில தட்டிப் பார்த்தப்ப எல்லாத்துலயும் 16 கட்டம்தான் கண்ணுல பட்டுச்சு. 6/8 எப்படிப் போடுறது? மிஸ்ரத்துல ஒரு அம்மன் பாட்டு இருக்கு, அது ஏழு. 16 கட்டத்துல ஏழை எங்க வைக்கிறது?

படி16

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பசியாறிட்டு வந்து படிங்க.

16 கட்டம்னு பார்த்துப் பயப்படாதிங்க. ஒரு கட்டத்தை ஒரு படின்னு (ஸ்டெப்) சொல்றேன். அந்த 16-ங்கிறது நாலு எண்ணிக்கை, ஒவ்வொண்ணுலயும் தகதிமின்னு நாலு. சதுஸ்ரம் அவ்வளவுதான். 6/8-க்கு நாலு எண்ணிக்கையில ஒவ்வொண்ணுக்கும் தகிட, மொத்தம் 12. பேட்டர்ன் (திரும்பத் திரும்ப ஓடுற தாளத் துண்டு) நீளத்தை 16-ல இருந்து 12-க்குக் குறைச்சா போதும். அப்போ எண்ணிக்கை விழுற படி 1, 4, 7, 10. சாதாரண குத்துக்கு இப்படி ஆரம்பிங்க: கிக் 1, 7. தப்பு 4, 10. அதுக்கு நடுவுல 3, 6, 9, 12-ல சின்ன அடி. சின்ன அடின்னா அடியோட கனம் (வெலாசிட்டி) 127-க்கு 45, 50 இருக்கட்டும். பெரிய அடி 115-க்கு மேல. எல்லா அடியும் ஒரே கனத்துல இருந்தா டைப்ரைட்டர் சத்தம் வரும்.

இங்கதான் நிறைய பேரு வழுக்குறாங்க. பெட்டியில ஸ்விங்னு ஒரு திருகு இருக்கும். 12 படி போட்டுட்டு அதையும் திருப்புவாங்க, ஆட்டம் வரட்டும்னு. ஸ்விங் என்ன செய்யுதுன்னா இரட்டைப்படை எண் படியை எல்லாம் தாமதப்படுத்துது. 2, 4, 6, 8, 10, 12. 16 படி பேட்டர்ன்ல எண்ணிக்கை விழுறது 1, 5, 9, 13, எல்லாமே ஒற்றைப்படை, அதுங்க அசையாது, நடுவுல இருக்கிறது மட்டும் ஆடும். 12 படியில எண்ணிக்கை 4-லயும் 10-லயும் விழுது. ஸ்விங் போட்டா உங்க தப்பு அடியே பின்னால சாயும், தாளம் நொண்டும். தகிட போட்டா ஸ்விங்கை 50-ல வச்சுடுங்க. ஆட்டம் வேணும்னா படியைத் தனித்தனியா நகர்த்துங்க.

16 படியில ஸ்விங் எவ்வளவுன்னு கேட்டா, வேகம் 120-ல ஒரு படி 125 மில்லி நொடி. ரெண்டு படி சேர்ந்து 250. ஸ்விங் 50-ன்னா ரெண்டாவது படி சரியா நடுவுல, 125-ல. 54-ன்னா 135-ல, பத்தே மில்லி நொடி தள்ளி. காதுக்குத் தள்ளினது தெரியாது, காலுக்குத் தெரியும். 66-ன்னா ஏறக்குறைய திஸ்ரம் (மூணு மூணா பிரியுறது) ஆயிடும். சினிமா மெலடிக்கு நான் 53, 55-க்கு மேல போறதில்ல.

ஏழுக்கு: மிஸ்ர சாப்பு தகிட தகதிமி. ஒரு எண்ணிக்கைக்கு ரெண்டு படி வச்சா 14 படி. அழுத்தம் 1, 7, 11-ல. எந்தப் பெட்டி நீளத்தை 14-ன்னு வைக்க விடுதோ அது உங்களுக்கு ஆகும். டிஜிடாக்ட்ல இது கை வந்த கலை. அதுல எட்டு ஆடியோ டிராக், ஒவ்வொரு டிராக்குக்கும் தனி நீளம், தனி வேகம். கிக்கை 16 படியில ஓட்டிக்கிட்டே, தவில் டிராக்கை 12 படி வச்சு அதோட வேகத்தை முக்காலுக்குக் குறைச்சா, அந்த 12 படி சரியா 16 படி நேரத்துல முடியும். சதுஸ்ரத்து மேல திஸ்ரம், ரெண்டும் ஒண்ணாவே சமத்துக்கு (சுத்தோட முதல் அடிக்கு) வரும். தவில்காரங்க நடை மாத்துறாங்களே, அதை ஒரு திருகுல செஞ்சிடலாம். 16 மேல 14 வச்சீங்கன்னா ரெண்டும் 112 படிக்கு ஒரு தடவைதான் சேரும், அதாவது நாலுல ஏழு ஆவர்த்தனம். அது கச்சேரிக்கு வேணாம், வீட்டுல விளையாடிப் பாருங்க, நேரம் போறதே தெரியாது.

404 எம்கே2 வேற குணம். 2021-ல வந்தது. 16 பேட், பத்து பேங்க் (பேடுங்களோட தொகுப்பு), ஒரு ப்ராஜெக்ட்ல 160 சத்தம். எஃபெக்ட் அருமை. பேட்டைத் தட்டித்தட்டிப் பதியுறவனுக்கு அது சொர்க்கம். படியை எண்ணி எண்ணி நடுறவனுக்கு அவ்வளவு தோதில்ல. ஆனா ஒரு முழு பாட்டோட தாளத்தை ஒரே நீள ஃபைலா ஏத்தி ஒரு பேட்ல வச்சு ஓட்டணும்னா, டிஜிடாக்டை விட அதுதான் லேசு. ஈபி-133 சின்ன மேடைக்கு நல்லா இருக்கும், 2023-ல 299 அமெரிக்க டாலருக்கு விட்டாங்க, அப்போ மொத்த நினைவகம் 64 மெகாபைட்.

பேட்_அண்ணன்

முக்கால் வேகம், 112 படி... தம்பி கல்யாணத்துக்கு வாசிக்கப் போறாரா, கணக்குப் பரீட்சை எழுதப் போறாரா?

நான் ஒண்ணு கேட்கிறேன், கோவிச்சுக்காதிங்க. பெட்டி வாங்கி உருமியை அதுக்குள்ள அடைச்சிட்டா, உருமி அடிக்கிற பையன் எங்க போவான்? எங்க தோட்டத்துல இருந்து வந்த பசங்க எத்தனை பேரு வார இறுதியில மேளம் அடிச்சு சம்பாதிக்கிறாங்க. ஒரு சாம்ப்ளர் வந்தா அஞ்சு பேரு வீட்டுல உட்காரணும்.

உருமி_வீட்டுப்பொண்ணு

பேட் அண்ணன், நீங்க அடிக்கிற பேட்ல இருக்கிற டோலக்கும் யாரோ ஒரு டோலக்குக்காரரு வாசிச்சதுதானே? அவரை யாரு கூப்பிட்டா?

நான் பிறந்ததே உருமி மேளம் வீட்டுல. அப்பா, சித்தப்பா, அண்ணன் எல்லாரும் அடிக்கிறவங்க. நானும் அடிப்பேன், கோயில்ல விடலைன்னா வீட்டுல. எனக்கு சாம்ப்ளர் மேல கோபம் இல்ல. மோசமா பதிவு பண்ணுன உருமி மேலதான் கோபம். இணையத்துல இலவசமா கிடைக்கிற உருமி சத்தம் பாதிக்கு மேல ஒரே ஒரு அடி, அதையும் வெட்டி வச்சிருப்பாங்க, அதை வச்சு பேட்டர்ன் போட்டா தகர டின்னைத் தட்டுற மாதிரி இருக்கும்.

தம்பி, உருமிக்கு ரெண்டு முகம். ஒரு பக்கம் குச்சியால அடிக்கிறது. இன்னொரு பக்கம் வளைஞ்ச குச்சியால தேய்க்கிறது. சாமி வர்றவங்களை எழுப்புறது அந்தத் தேய்ப்புதான். அது அடி கிடையாது, குரல். அழுத்தினா ஏறும், விட்டா இறங்கும். அதனால தேய்ப்பை ஒரே சாம்பிளா எடுக்கக் கூடாது. நீளத் தேய்ப்பு, குட்டைத் தேய்ப்பு, மேல ஏறுறது, கீழ இறங்குறது, தேய்ச்சு டக்குன்னு நிறுத்துறது, எல்லாம் தனித்தனியா எடுங்க. அடியில மெல்ல, நடுத்தரம், ஓங்கி. ஒவ்வொண்ணுலயும் நாலு அடியாவது வேணும், ஒரே அடி திரும்பத் திரும்ப வந்தா காது கண்டுபுடிச்சிடும்.

பெட்டிக்குள்ள வைக்கும்போது ஒரு விஷயம். ஹைஹேட்டுக்கு திறந்த சத்தத்தை மூடின சத்தம் வெட்டுற மாதிரி ஒரு குழுவா போடுவாங்கல்ல, அதே மாதிரி உருமி முழுசையும் ஒரே குழுவுல போட்டுடாதிங்க. அடியும் தேய்ப்பும் ரெண்டு கை, ரெண்டும் ஒண்ணா கேட்கணும். ஆனா ஒரு தேய்ப்பு மேல இன்னொரு தேய்ப்பு கேட்கக் கூடாது, அது ஒரே குச்சி. தேய்ப்புகளை மட்டும் ஒண்ணை ஒண்ணு வெட்டுற மாதிரி வைங்க. தவிலுக்கும் இதே கதைதான். தொப்பிப் பக்கம் குச்சி, வலந்தலைப் பக்கம் விரல் கூடு. ரெண்டும் தனித்தனி.

படி16

அக்கா, இது பொன்னான தகவல். டிஜிடாக்ட்ல ஒரு டிராக் ஒரு நேரத்துல ஒரு சத்தம்தான் வாசிக்கும். அப்போ தேய்ப்பு எல்லாத்தையும் ஒரே டிராக்ல வச்சு, ஒவ்வொரு படியிலயும் வேற வேற சாம்பிளைப் பூட்டிட்டா, புதுத் தேய்ப்பு வரும்போது பழசு தானா வெட்டுப்படும். அடி அடுத்த டிராக்ல. தனியா குழு அமைக்கிற வேலையே இல்ல.

தம்பி, சாம்பிள் பூட்டுறதுன்னா: அந்தப் படியோட பட்டனை அழுத்திப் புடிச்சுக்கிட்டு திருகைத் திருப்புறது. சுருதியையும் அதே மாதிரி படிக்குப் படி பூட்டலாம். கூடவே நிபந்தனைன்னு ஒண்ணு இருக்கு. இந்த அடி நாலு சுத்துக்கு ஒரு தடவை மட்டும் வரட்டும்னு வைக்கலாம். தீர்மானத்தை (சுத்தை முடிச்சு வைக்கிற அடிக்கோவை) அதுல வைங்க. நாலாவது சுத்துல தானா வரும், நீங்க கீபோர்டுல இருந்து கையை எடுக்க வேணாம்.

லிந்தாங்_தம்பி

அக்கா, எங்க வீட்டுல மைக் ஒண்ணு இருக்கு, பாடுறதுக்கு வச்சிருக்கிறது. கைபேசியில பதிவு பண்ணா ஆகாதா?

உருமி_வீட்டுப்பொண்ணு

ஆகும், ஆனா கைபேசி தானா சத்தத்தை ஏத்தி இறக்கும். ஓங்கி அடிச்சா அமுக்கும், அடுத்த மெல்லிய அடியைத் தூக்கும். அந்தச் சேட்டையை அணைக்கிற பதிவு ஆப் இருந்தா பரவாயில்ல. இல்லைன்னா அந்த மைக்கே மேல். பெட்டிக்குள்ள நேரா பதிவு பண்ணுங்க. உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாம வைங்க, மேல ஏத்துறது பெட்டிக்குள்ள பார்த்துக்கலாம்.

இடம் முக்கியம். தோட்டத்து மண்டபத்துல போய் பதிவு பண்ணாதிங்க, தகரக் கூரை ஒவ்வொரு அடிக்கும் பதில் சொல்லும். நாங்க சாமான் வைக்கிற அறையில, மெத்தை, வேட்டி, பந்தல் துணி எல்லாம் குவிச்சு வச்சிருக்கிற இடத்துல எடுத்தோம். காத்தாடியை நிறுத்தணும். சேவல் இருந்தா அதையும் எங்கயாவது அனுப்பணும். எங்க ஒரு தேய்ப்பு சாம்பிள் கடைசியில இன்னமும் சேவல் கூவுது, அண்ணன் அதை வெட்ட விட மாட்டேங்கிறாரு.

அப்புறம் தோல். சாயங்காலம் மழைக்கு முன்னால ஈரம் ஏறினா தோல் தொய்ஞ்சு சுருதி இறங்கிடும். தப்புன்னா சூடு காட்டி ஏத்திடலாம். எல்லா அடியையும் ஒரே உட்காருகையில எடுத்துடுங்க. காலையில பாதி, ராத்திரி பாதின்னு எடுத்தா ரெண்டு வேற உருமி மாதிரி கேட்கும்.

வேலை போகுதுன்னு பேட் அண்ணன் கேட்டதுக்கு: எங்க குழுவுல பெட்டி வந்ததுக்கப்புறம் ஆள் குறையல. ஊர்வலத்துல நடந்துக்கிட்டே அடிக்கிறதுக்கு எந்தப் பெட்டி வரும்? மேடைக் கச்சேரிக்குத்தான் பெட்டி, அங்க முன்னாலயும் எங்களை யாரும் கூப்பிட்டதில்ல. தம்பி, ஒண்ணு மட்டும் செய்ங்க. யார் அடிச்சதைப் பதிவு பண்றீங்களோ அவருக்குக் காசு கொடுங்க, மேடையில பேரு சொல்லுங்க.

பேட்_அண்ணன்

காசு, பேரு ரெண்டும் சரி. இருந்தாலும் இன்னைக்கு மேடைக்குக் கூப்பிடாதவன் நாளைக்குக் கூப்பிடுவான்னு இருந்த வாசலும் அடைபட்டுப் போகும், அதைத்தான் சொல்றேன். நம்ம ரெண்டு பேரும் இதுல ஒத்துப் போக மாட்டோம்மா, விடு.

சவுண்ட்_மாமா

பசங்களா, சத்தத்தைப் பத்தியே பேசுறீங்க. கரண்டைப் பத்தி யாராவது பேசினீங்களா? நான் இந்த வட்டாரத்துல ஒலிபெருக்கி கட்டுறவன்.

தோட்டத்துக் கோயில்ல பாதி இடத்துல ஜெனரேட்டர்தான். அன்னதானக் கூடத்துல பெரிய காத்தாடியை ஒருத்தன் போட்டா மேடை விளக்கு மங்கும். அந்த நேரத்துல அடாப்டர்ல ஓடுற பெட்டி தன்னைத்தானே அணைச்சுத் திரும்ப எழும். டிஜிடாக்ட் 12 வோல்ட் அடாப்டர், உள்ளே பேட்டரி கிடையாது. 404 எம்கே2 ஆறு டபுள்-ஏ பேட்டரியில ஓடும், யூஎஸ்பி-சி-யிலயும் ஓடும், நல்ல பவர்பேங்க் இருந்தா கவலை இல்ல. ஈபி-133 நாலு டிரிபிள்-ஏ. டிஜிடாக்ட் வாங்குறதா இருந்தா கணினிக்கு வைக்கிற சின்ன யூபிஎஸ் ஒண்ணு கூட வாங்கு. கீபோர்டையும் அதுலயே சொருகு. பெருக்கியை மட்டும் அதுல சொருகிடாத, தாங்காது.

இடி இடிக்குதுன்னா ஒயரைக் கழட்டு, சுவிட்சை அணைச்சா மட்டும் போதாது. நம்ம பக்கம் சாயங்கால இடியைப் பத்தி நான் சொல்லணுமா? பெட்டியை மூட்டை கட்டுறப்ப சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலு போடு. மேடையில விளக்குக்கு நேர் கீழ வைக்காத.

இன்னொண்ணு, என் கஷ்டத்துக்குச் சொல்றேன். ஸ்டீரியோன்னு சொல்லி ரெண்டு ஒயர் கொடுப்பீங்க. பந்தல்ல இடது பக்கம் உட்கார்ந்த பாட்டிக்குத் தவில் மட்டும் கேட்கும், வலது பக்கம் மாமாவுக்கு உருமி மட்டும் கேட்கும். எல்லாத்தையும் நடுவுல வச்சு மோனோவா கொடுங்க. ரெண்டு ஒயர் இருந்தா ஒண்ணுல கிக்கும் பேஸும், இன்னொண்ணுல மத்ததும் அனுப்புங்க, நான் மிக்ஸர்ல சரி பண்ணிக்கிறேன். கிக்கைக் குறைக்கணும்னா உன்னைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டியதில்ல.

படி16

மாமா சொன்னதைப் பெட்டியில செய்றது சுலபம். டிராக்குக்கு டிராக் பேன் (சத்தத்தை இடது, வலது தள்ளுறது) இருக்கு. கிக், பேஸ் டிராக் முழுசா இடது, மீதி எல்லாம் முழுசா வலது. சாம்பிள் எப்படியும் மோனோதான், அதனால ஒண்ணும் இழப்பு இல்ல. ஒண்ணு மட்டும்: ரிவெர்ப், டிலே ரெண்டு பக்கமும் கசியும், மேடைக்கு அதை அணைச்சுடுங்க. பந்தல்ல எதிரொலி இலவசமா கிடைக்கும்.

நினைவகம் பத்தி யாரோ தனிச் செய்தியில கேட்டாங்க. 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ ஒரு நொடிக்கு 96 கிலோபைட். 64 மெகாபைட்னா பதினோரு நிமிஷம். ஒரு உருமி அடி அரை நொடி கூட வராது. தனி அடிங்களா வச்சா தாராளம், முழு பாட்டு லூப்பா வச்சா மூணு பாட்டுல தீர்ந்துடும்.

பழையபெட்டி

அதோட மிடி (கருவிங்க ஒண்ணுக்கு ஒண்ணு சேதி அனுப்புற இணைப்பு). தம்பி கீபோர்டு ஆர்பெஜியேட்டரை (புடிச்ச சுரங்களை ஒண்ணொண்ணா தானா வாசிக்கிறது) பெட்டியோட தாளத்துல ஓட்டணும்னா கிளாக் அனுப்பணும். மிடி கிளாக் ஒரு எண்ணிக்கைக்கு 24 துடிப்பு. டிஜிடாக்ட்ல பழைய அஞ்சு முள் மிடி ஓட்டை இருக்கு, உங்க கீபோர்டுலயும் அதுதான் இருக்கும், நேரா சொருகலாம். 404-லயும் ஈபி-133-லயும் 3.5 மில்லி ஓட்டை, அதுக்கு மாத்து ஒயர் வேணும். அந்த ஒயர்ல ஏ வகை, பி வகைன்னு ரெண்டு இருக்கு, தப்பானதை வாங்கினா ஒண்ணும் எரியாது, ஒண்ணும் நடக்கவும் நடக்காது. கடையில கேட்டு வாங்குங்க.

லிந்தாங்_தம்பி

வாங்கிட்டேன். டிஜிடாக்ட், கைமாத்து, ஈப்போவுல ஒருத்தர் கிட்ட. 404 மேல ஆசைதான், ஆனா ஏழு எண்ணிக்கைப் பாட்டு மனசுல ஓடிக்கிட்டே இருந்துச்சு. மிச்சக் காசுல யூபிஎஸ். வாங்குறதுக்கு முன்னால 16 பட்டனையும் ஒவ்வொண்ணா அழுத்திப் பார்த்தேன், எல்லாத் திருகையும் திருப்பி திரையில எண்ணு குதிக்குதான்னு பார்த்தேன், ரெண்டு அவுட்டுலயும் ஹெட்போன்லயும் சத்தம் கேட்டேன். அடாப்டர் அசல்தான்.

உருமிக்கு எங்க மாமா வந்து அடிச்சாரு, காசு கொடுத்தேன், வாங்க மாட்டேன்னாரு, அத்தை கையில கொடுத்துட்டேன். தேய்ப்பு எல்லாம் ஒரு டிராக், அடி ஒரு டிராக், அக்கா சொன்ன மாதிரியே. அம்மன் பாட்டுக்கு 14 படி போட்டிருக்கேன். அடி 1, 7, 11. நீளத் தேய்ப்பு 3-ல ஆரம்பிச்சு 7 வரைக்கும், குட்டை 13-ல. தீர்மானம் நாலு சுத்துக்கு ஒரு தடவை. கேட்கிறதுக்கு நல்லாத்தான் இருக்கு, ஆனா மாமா கேட்டுட்டு "அடி சரி, தேய்ப்பு அவசரப்படுது"ங்கிறாரு. படியை ஒண்ணு தள்ளிப் பார்த்தேன், அது ரொம்ப தள்ளிப் போச்சு.

உருமி_வீட்டுப்பொண்ணு

மாமா சொன்னது சரி. தேய்ப்பு ஆரம்பிக்கும்போது சத்தம் இருக்காது, குச்சி தோலைப் புடிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். நீங்க சாம்பிள் முன்பக்கத்தை அடி மாதிரி ஒட்ட வெட்டியிருப்பீங்க, அதனால படி விழுந்த உடனே குரல் வந்துடுது. வெட்டினதைத் திரும்ப விடுங்க. அந்த ஆரம்ப உராய்வு சத்தம் முழுசா இருக்கட்டும்.

படி16

அதுக்கப்புறமும் பத்தலைன்னா படியைத் தள்ளாதிங்க, நுண்நேரம் இருக்கு. தேய்ப்புப் படியை அழுத்திப் புடிச்சுக்கிட்டு வலது அம்புக்குறி. ஒரு படிக்குள்ளயே துளித்துளியா நகரும். 3-ல இருக்கிறதை மட்டும் நகர்த்துங்க, 13-ல இருக்கிற குட்டைத் தேய்ப்பைத் தொடாதிங்க, அது அடுத்த சமத்துக்குத் தள்ளிக் கொடுக்கிற வேலை செய்யுது.

பேட்_அண்ணன்

தம்பி, அடுத்த கச்சேரி எங்க, என்னைக்கு? குச்சியோட வர்றேன். தீர்மானத்தை நாலு சுத்துக்கு ஒண்ணுன்னு வச்சிருக்கிறதை அன்னைக்கு எடுத்துடு, அதை நான் அடிக்கிறேன்.

லிந்தாங்_தம்பி

வாங்க அண்ணே! ரெண்டு வாரத்துல, சனிக்கிழமை, எங்க தோட்டத்துக் கோயில். சவுண்ட் மாமாதான் ஒலிபெருக்கி. அண்ணன் பேடுக்குத் தனி ஒயர் போட இடம் இருக்கா மாமா?

சவுண்ட்_மாமா

இருக்கு. அவரையும் மோனோவா கொடுக்கச் சொல்லு.